கிழக்குக் கரையில் ஆறு நாள்: இந்த டைவ் உங்களுக்குச் சரிப்படுமா?

நாள் 1: நிலாவெளி

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே பதினைந்து கிலோமீட்டர் வந்தால் நிலாவெளி. மே மாதக் கடைசி. வாடைக்காற்று ஓய்ந்து, மாரி மழை கொண்டுவந்த கலங்கல் அடங்கி, கடல் தெளிந்து கிடக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரைதான் சிலிண்டர் காற்றோடு கடலடியில் மூழ்கும் டைவ் பருவம். அதன்பின் மகாவலியும் மற்ற ஆறுகளும் சேற்றைக் கடலில் கொட்டும். டைவ் படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள்.

இந்த ஆறு நாளில் நான்கு இடங்கள்: புறாத்தீவு, கோணமலையின் அடிவாரம், பாசிக்குடாவுக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜண்ட் கப்பல், மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பல். ஒரே கரை, ஒரே பருவம், 27 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பான நீர். ஆழம் மட்டும் 5 மீட்டரில் தொடங்கி 53 மீட்டரில் முடிகிறது. எது யாருக்கு என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதல் நாள் நீரில் இறங்க வேண்டாம். கொழும்பிலிருந்து ஏழெட்டு மணி நேரம் வண்டியில் குலுங்கி வந்த உடம்பு களைத்து, நீர் வற்றியிருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு, செய்த டைவ்களைக் குறித்து வைக்கும் லாக்புக்கை விரியுங்கள்.

ஓபன் வாட்டர் என்ற முதல்நிலைப் பயிற்சி அட்டைக்கு ஆழ எல்லை 18 மீட்டர். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு அட்டைக்கு 30. டீப் சிறப்புப் பயிற்சி முடித்தவருக்கு 40. அட்டையே இல்லாமல் பயிற்றுநரோடு இறங்கும் அறிமுக டைவுக்கு 12. இவையெல்லாம் பயிற்சியின் எல்லைகள். இன்று நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதை அட்டை சொல்லாது. ஐந்து வருடத்துக்கு முன் நான்கு டைவ் செய்து அட்டை வாங்கி, பிறகு கடலையே பார்க்காதவருக்கும், போன மாதம் நாற்பதாவது டைவ் முடித்தவருக்கும் அட்டையில் அச்சாகியிருப்பது அதே 18தான்.

ஆகவே லாக்புக்கிடம் கேளுங்கள். கடைசி டைவ் எப்போது? ஆறு மாதம் தாண்டியிருந்தால் முதல் இறக்கம் ஆழம் குறைந்த இடத்தில், பயிற்றுநருடன், மீள்பயிற்சியாக இருக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டியிருந்தால் அதில் பேரம் பேசவே கூடாது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் போன அதிக ஆழம் என்ன? அது எப்படிப்பட்ட நீர்: நீரோட்டம் இருந்ததா, எத்தனை மீட்டர் பார்வை, கயிற்றைப் பிடித்து இறங்கினீர்களா, திறந்த நீலத்தில் இறங்கினீர்களா? சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் காற்றுமானியை யார் பார்த்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. வழிகாட்டியின் ஃபின்னை, அதாவது கால்துடுப்பை, பார்த்தபடியே பின்னால் போய்வந்த இருபது டைவை இருபது டைவ் அனுபவம் என்று எண்ணக் கூடாது. வழிகாட்டி கண்ணில் படாத இரண்டு நிமிடத்தில் என்ன செய்வீர்கள் என்பதற்கு விடை இருந்தால்தான் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு.

இந்த ஆறு நாளுக்கும் நாங்கள் கைக்கொள்ளும் விதி ஒன்று: ஒரு டைவில் ஒன்றே ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். ஆழம் புதிது என்றால் நீர் பழகியதாக இருக்கட்டும். நீர் புதிது என்றால் ஆழம் பழகியதாக இருக்கட்டும். வாடகை ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி), ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் புதிய டைவ் கம்ப்யூட்டர், கூடவே இறங்கும் முன்பின் தெரியாத ஜோடி ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். இரண்டு புதுமை ஒன்றாக வந்தால் ஒன்றைக் கழற்றிவிட வழி தேடுங்கள். மூன்று வந்தால் அந்த டைவ் இன்றைக்கு உங்களுடையது இல்லை.

மருத்துவ வினாத்தாளைக் கடையின் மேசையில் வைத்து, பேனாவை வாங்கி, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று ஒரே கோடாக இழுத்துவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை, நுரையீரல் சுருங்கிய வரலாறு, கர்ப்பம் இவற்றில் ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அதை ஊரிலேயே வாங்கி வருவதுதான் நல்லது. தடிமன் பிடித்திருந்தால் மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். இறங்கும்போது திறந்துகொள்ளும் காது, மாத்திரையின் வேகம் பாதியில் குறைந்தால், ஏறும்போது அடைத்துக்கொள்ளும். இறங்கும்போது காது வலித்தால் மேலே போய்விடலாம். ஏறும்போது வலித்தால் காற்று தீரும்வரைதான் அவகாசம்.

நாள் 2: புறாத்தீவு

கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர், பைபர் படகில் பத்து நிமிடம். வெள்ளையர் காலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகிய இடம். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. நுழைவுச் சீட்டு தனி. டைவ் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். காலை எட்டுக்குள் நீரில் இருப்பது நல்லது. பத்துக்குமேல் ஸ்நோர்கல் கூட்டமும், தலைக்கு மேல் போகும் படகுகளின் விசிறியும் பெருகும்.

இங்கே பெரும்பாலும் 12 மீட்டருக்குள்தான் டைவ். கருநுனிச் சுறாக்கள் ஆழம் குறைந்த பக்கத்தில் சுற்றும். மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும். ஓபன் வாட்டர் அட்டை உள்ள எவரும், மீள்பயிற்சி தேவைப்படுபவரும் இறங்கலாம். ஆனால் இன்று மீன் பார்ப்பதோடு உங்களையே அளந்து பாருங்கள். இன்று எடுக்கும் மூன்று அளவுகளை வைத்துத்தான் அடுத்த நாட்களைத் தீர்மானிக்க வேண்டும்.

முதலாவது எடை. டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் (நிறைந்திருந்தால் 200) இருக்கும்போது, மேற்பரப்பில் பி.சி.டி. என்ற காற்றேற்றும் மிதப்புச் சட்டையிலுள்ள காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். சாதாரண மூச்சைப் பிடித்தபடி அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு இதைப் பார்ப்பவர்கள் இரண்டு கிலோ கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும்போது சுவாசித்துத் தீரும் காற்றின் எடையே ஏறக்குறைய அவ்வளவு. 3 மில்லிமீட்டர் உடையோடு பத்து கிலோ கட்டிக்கொண்டு இறங்குபவர்களை இந்தக் கரையில் நிறையப் பார்க்கலாம். கல்லைப் போல இறங்கினால் பயமில்லை என்று நினைப்பு. கூடுதல் எடையை ஈடுகட்ட பி.சி.டி.யில் கூடுதல் காற்று ஏற்ற வேண்டும். ஒரு மீட்டர் ஏறினாலும் அந்தக் காற்று விரியும். விரிந்தால் இன்னும் ஏறுவீர்கள். கடைசி 10 மீட்டரில் காற்றின் கனஅளவு இரண்டு மடங்காகிறது. அதனால்தான் 30 மீட்டரில் அமைதியாக இருந்தவர் 5 மீட்டரில் பந்துபோல மேலே போய்விடுகிறார்.

இரண்டாவது மூச்சுச் செலவு. 10 மீட்டரில் ஒரே சீராகப் பத்து நிமிடம் நீந்தி, தொடக்கத்திலும் முடிவிலும் காற்றுமானியைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியம் சிலிண்டரின் கொள்ளளவு வழக்கமாக 11.1 லிட்டர். 36 பார் குறைந்திருந்தால் 36 × 11.1 = 400 லிட்டர். நிமிடத்துக்கு 40. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர். புதியவருக்கு 20 முதல் 25 வரை வருவது இயல்பு. இந்த எண்ணைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் இது இல்லாமல் எந்தக் கணக்கும் ஓடாது.

மூன்றாவது நிற்றல். 5 மீட்டரில், எதையும் பிடிக்காமல், கையை ஆட்டாமல், மூன்று நிமிடம். கம்ப்யூட்டரில் ஆழம் 4.5க்கும் 5.5க்கும் இடையே நின்றால் நல்லது. நிற்கும்போதே மாஸ்க்கில் பாதி நீர் விட்டு வெளியேற்றிப் பாருங்கள். மாஸ்க் வேலையில் மனம் போனவுடன் ஆழம் இரண்டு மீட்டர் மாறினால், உங்கள் மிதப்பு இன்னும் உடம்பில் ஏறவில்லை, சிந்தித்துச் சிந்தித்துத்தான் வருகிறது என்று பொருள். அப்படியானால் நாளையும் இங்கேயே வாருங்கள். பவளத்துக்கும் அதுவே நல்லது. ஒரு ஃபின் உதை முறிக்கும் கிளை திரும்ப வளரப் பல வருடம் பிடிக்கும்.

படகைப் பற்றி ஒரு சொல். இங்குள்ள சிறு பைபர் படகுகள் பலவற்றில் ஏணி கிடையாது. முதுகுப்பக்கமாகச் சாய்ந்து விழுந்து இறங்க வேண்டும்; ஏறும்போது எடைப்பட்டியை முதலில் கழற்றிக் கொடுத்து, பிறகு பி.சி.டி.யைக் கழற்றிக் கொடுத்து, ஃபின்னை உதைத்து விளிம்பில் வயிற்றைப் போட்டு ஏற வேண்டும். ஃபின்னை முன்னாலேயே கழற்றிவிட்டால் ஏற உந்துவதற்கு எதுவும் இல்லை. முழங்கால் வலி, தோள்பட்டை வலி உள்ளவர் இதை முதலிலேயே விசாரிப்பது நல்லது.

நாள் 3: கோணமலை

கோட்டைக்குள் போய், மான்களைத் தாண்டி, திருக்கோணேச்சரத்தின் வாசலில் நின்று கீழே பார்த்தால் செங்குத்தான பாறை, அதன் காலடியில் நுரை. இராவணன் வெட்டு பக்கத்திலேயே. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோது தூண்களும் சிலைகளும் கடலில் விழுந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இங்கே மூழ்கி அந்த எச்சங்களைக் கண்டார்கள். செதுக்கிய கற்கள் இன்றும் கீழே கிடக்கின்றன. அவற்றைத் தொடாமல் பார்த்துவிட்டு வருவதே முறை.

ஆழம் என்று பார்த்தால் 10 முதல் 18 மீட்டருக்குள் தாராளமாகப் பார்த்து முடிக்கலாம். அட்டைப்படி ஓபன் வாட்டர்காரருக்கு உரியது. நேற்று 12, இன்று 15, பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆழத்தை மட்டும் வைத்து ஒரு டைவை எடைபோடுவது எவ்வளவு தவறு என்பதை இந்த இடத்தைப் போலக் காட்டும் இடம் வேறு இல்லை.

புறாத்தீவுக்கு ஒரு மறைவுப் பக்கம் உண்டு. கோணமலை திறந்த வங்கக் கடலுக்கு நெஞ்சைக் காட்டி நிற்கிறது. வெளியிலிருந்து வரும் அலை செங்குத்துப் பாறையில் முட்டி, உடையாமல் அப்படியே திரும்புகிறது. போகும் அலையும் வரும் அலையும் சேரும் இடத்தில் நீர் மேலும் கீழுமாகக் குதிக்கும். நீருக்கடியில் அது முன்னும் பின்னும் இழுக்கும் தள்ளலாக வரும். டைவர்கள் சர்ஜ் என்பார்கள். மேற்பரப்பில் ஒரு மீட்டர் அலை மட்டுமே தெரிந்தாலும், நீண்ட இடைவெளியில் வரும் அலையாக இருந்தால் 10 மீட்டர் ஆழத்திலும் அது உங்களை இரண்டு மூன்று மீட்டர் நகர்த்தும்.

இதை எதிர்த்து நீந்துவதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. பின்னால் இழுக்கும்போது உதைத்து, முன்னால் தள்ளும்போதும் உதைத்து, பத்து நிமிடத்தில் மூச்சு இரைக்கும். இழுக்கும்போது சும்மா இருங்கள், தள்ளும்போது மட்டும் உதையுங்கள். பாறை இடுக்குகளுக்குள் நுழைய வேண்டாம். பாறைக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது மூன்று மீட்டர் விடுங்கள். இரண்டாவது தவறு, ஏறும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பைப் பாறையை ஒட்டிச் செய்வது. 5 மீட்டரில் சர்ஜ் மிகப் பலமாக இருக்கும். ஆகவே பாறையை விட்டு வெளியே நீலத்துக்கு நீந்திப் போய், அங்கே நிற்க வேண்டும். பிடிக்க எதுவும் இல்லை, பார்க்கத் தரையும் இல்லை. நேற்று மூன்று நிமிடம் அசையாமல் நின்று பழகச் சொன்னது இதற்காகத்தான்.

போகலாமா வேண்டாமா என்பதைக் காலையில் கோயில் வாசலிலிருந்தே பார்த்துத் தீர்மானிக்கலாம். பாறைக் காலில் வெள்ளை நுரை தொடர்ந்து இருக்கிறதா, அலைகள் வரும் இடைவெளி எத்தனை விநாடி, மேற்கே இருந்து கச்சான் எத்தனை மணிக்கு எழுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் கடல் அமைதியாகத் தெரியும், ஆனால் வெளியே மிதந்து எழுந்தவரை அது இன்னும் வெளியே தள்ளும். இங்கே ஒவ்வொருவரிடமும், இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் ஒரு மிதவைக் குழாய், அதாவது எஸ்.எம்.பி., இருக்க வேண்டும். ஜோடிக்கு ஒன்று போதாது. நீருக்கடியிலிருந்து அதை விடத் தெரியாதவர் மேற்பரப்பில் நின்றாவது ஊதத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்து டைவுக்குக் குறைவானவர்களுக்கு எங்கள் தீர்ப்பு: கடல் தட்டையாக இருக்கும் காலையில், வழிகாட்டிக்கு இரண்டு பேர் என்ற கணக்கில், 15 மீட்டருக்குள். நுரை தெரிந்தால் திரும்பப் புறாத்தீவு. ஐந்து பேருக்கு ஒரு வழிகாட்டி என்றால் கடல் எப்படி இருந்தாலும் வேண்டாம். சர்ஜில் ஐந்து பேரை ஒருவர் கண்ணில் வைத்திருக்க முடியாது.

நாள் 4: வீதி, பிறகு ஒரு துண்டுக் காகிதம்

கிண்ணியா, மூதூர், வாகரை, வாழைச்சேனை வழியாகத் தெற்கே. இன்று டைவ் இல்லை. டைவின்போது அழுத்தத்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற ஒரு நாள் கிடைக்கிறது, காதுக்கும் ஓய்வு. மாலையில் பாசிக்குடாவில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் போதும்.

நாளைய கப்பலுக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல 3.5 மடங்கு. மூச்சுச் செலவு 20 என்றால் நிமிடத்துக்கு 70 லிட்டர். நிறைந்த சிலிண்டரில் 200 × 11.1 = 2,220 லிட்டர். முப்பது நிமிடத்துக்கு வருமே என்று பலர் இங்கேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் ஜோடியின் ரெகுலேட்டர் அடியில் வேலை செய்யாமல் போனால், உங்கள் சிலிண்டரில் இரண்டு பேர் மேலே வர வேண்டும். அதற்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் மிச்சத்தைச் செலவழிக்கலாம்.

பயந்த மனிதர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார், இருவருக்கு 60. அடியில் ஒரு நிமிடம் நின்று நிலைமையைச் சரிசெய்ய 60 × 3.5 = 210. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 25இலிருந்து 5 வரை ஏற மூன்று நிமிடம் என்று தாராளமாக வைத்தால், சராசரி அழுத்தம் 2.5, ஆகவே 450. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க 60 × 1.5 × 3 = 270. கடைசி 5 மீட்டர் ஏற 75. கூட்டினால் 1,005 லிட்டர். 11.1ஆல் வகுத்தால் 90 பார்.

மானியில் 90 வந்தால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏற வேண்டும். '50 பாரில் படகுக்கு வந்துவிடுங்கள்' என்று மட்டும் சொல்லும் விளக்கம் 10 மீட்டர் டைவுக்குச் சரி. 25 மீட்டரில் அது போதாது, ஏனென்றால் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

மீதி 110 பார், 1,220 லிட்டர். 70ஆல் வகுத்தால் 17 நிமிடம், இறங்கும் நேரமும் சேர்த்து. மூச்சுச் செலவு 25 என்றால் 14 நிமிடம். சிலிண்டரை 180 பார்தான் நிரப்பியிருந்தால் 20 லிட்டர்காரருக்கும் 14. பேடி என்ற பயிற்சி அமைப்பின் அட்டவணையில் 25 மீட்டருக்கு நிறுத்தமில்லா எல்லை, அதாவது நைட்ரஜன் வெளியேற வழியில் கட்டாயம் நிற்காமல் ஏறக்கூடிய நேரம், 29 நிமிடம். ஆக உங்களை மேலே அனுப்பப் போவது நைட்ரஜன் இல்லை, காற்றுதான். புறாத்தீவில் இதே சிலிண்டர், 10 மீட்டரில் 50 பார் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் தந்தது.

17 நிமிடத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று காகிதத்தைப் பார்த்து உங்களுக்கே தோன்றலாம். தோன்றினால் அந்தக் கேள்வியை மதியுங்கள். பாசிக்குடாவின் ஆழமற்ற நீரிலும் பார்க்க நிறைய இருக்கிறது.

நாள் 5: பிரிட்டிஷ் சார்ஜண்ட்

1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில் இந்தக் கரையோரம் மூழ்கிய கப்பல்களில் இந்த எண்ணெய்க் கப்பலும் ஒன்று. இரண்டாக உடைந்து சுமார் 25 மீட்டரில் கிடக்கிறது. எண்பது வருடப் பவளமும் கடற்பஞ்சும் இரும்பை மூடியிருக்கின்றன.

18 மீட்டர் அட்டையோடு இதில் இறங்க இடமில்லை. அட்வான்ஸ்டு அட்டை வேண்டும். அதோடு எங்கள் கணக்கில் குறைந்தது இருபது டைவ், அவற்றில் சில கடந்த சில மாதங்களுக்குள். கூடவே, இந்தப் பயணத்தில் புறாத்தீவில் எடுத்த மூன்று அளவுகளும் சரியாக வந்திருக்க வேண்டும். அட்வான்ஸ்டு பயிற்சியை ஓபன் வாட்டர் முடித்த மறுநாளே சேர்த்துச் செய்து, ஒன்பது டைவில் இரண்டு அட்டையும் வாங்கிவிடலாம். அப்படி வாங்கியவர் விதியை மீறவில்லை. ஆனால் அவருக்கு இங்கே ஆழமும் புதிது, கப்பலும் புதிது, திறந்த கடலில் கயிறு பிடித்து இறங்குவதும் புதிது. மூன்று.

ஆழம் ஏற்கெனவே பழகியவருக்குக் கப்பல் மட்டும் புதிது. அவர் போகலாம், வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். உள்ளே நுழைவது வேறு பயிற்சி, வேறு கருவி. 'அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது, நேராகப் போய்விடலாம்' என்பதை நம்பிப் போகாதீர்கள். துருவும் வண்டலும் உள்ளே படிந்திருக்கும். முன்னால் போனவர் ஃபின்னை ஒருமுறை கீழ்நோக்கி உதைத்தால் பின்னால் வருபவருக்கு அந்த வெளிச்சம் இருக்காது. கிழிந்த தகடு குழாயையும் தோலையும் ஒரே மாதிரி அறுக்கும். அறுந்து சிக்கிய மீன்வலையும் தங்கூசியும் கப்பலெங்கும் கிடக்கும்; தங்கூசி நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சுப் பட்டையில், இரண்டு கையாலும் எட்டும் இடத்தில், ஒரு சிறிய வெட்டுக்கருவி மாட்டியிருக்க வேண்டும். காலில் கட்டிய பெரிய கத்தியைச் சிக்கலில் எட்டுவது கடினம். சிங்கமீனும் கல்மீனும் இரும்பின்மேல் அசையாமல் இருக்கும், ஆகவே கை எதன்மேலும் படக் கூடாது.

இறங்கும் முறை. மேற்பரப்பில் கயிற்றைப் பிடித்ததும் மிதவையின் பக்கம் நீர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கயிறு சாய்ந்து விறைத்து நின்றால், கையை விட்டு நீந்தி அதே இடத்தில் நிற்க முடிகிறதா என்று அரை நிமிடம் சோதியுங்கள். முடியாவிட்டால் டைவ் இங்கேயே முடிந்தது. படகு பக்கத்தில் இருக்கும்போதே ஏறிவிடுவது எளிது. 5 மீட்டரில் நின்று ஒருவரை ஒருவர் பாருங்கள்: குமிழி கசிகிறதா, மாற்று ரெகுலேட்டர் தொங்குகிறதா, காது திறந்ததா. பிறகு மெல்ல, கால் கீழாக, கயிறு கைக்கெட்டும் தூரத்தில்.

கப்பலைத் தொட்டதும் முதல் ஒரு நிமிடம் எங்கும் போகாதீர்கள். மானியைப் பாருங்கள். இறங்கும்போதே 40 பார் போயிருந்தால் இன்று மூச்சு உங்கள் கையில் இல்லை. சுற்று பாதியாகக் குறையட்டும். கயிறு கட்டிய இடத்தின் அடையாளம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் மயக்கம் பொதுவாக 30 மீட்டரை ஒட்டித் தெரியும் என்றாலும், களைத்தவருக்கும் பதற்றத்தில் இருப்பவருக்கும் 25லேயே வரலாம். சிரிப்பு, அல்லது காரணமில்லாத பயம், அல்லது மானியைப் பார்த்தும் எண் மனத்தில் நிற்காமை. மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது சுகமாக இருக்கும். ஐந்து மீட்டர் ஏறினால் போய்விடும்.

நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள், அதனோடு திரும்புங்கள். 130 வந்ததும் கயிற்றை நோக்கித் திரும்பினால் 90இல் கயிற்றில் இருப்பீர்கள். கயிறு கிடைக்காவிட்டால் ஒரு நிமிடம் தேடுங்கள், அதற்குமேல் வேண்டாம். எஸ்.எம்.பி.யை விட்டு அதன் கீழேயே ஏறுங்கள். விடும்போது சுருள்கயிறு கையிலோ பி.சி.டி.யிலோ மாட்டினால் அது உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே போகும். ஆகவே இதை முதன்முதலாகச் செய்து பார்க்கும் இடம் இதுவாக இருக்கக் கூடாது. புறாத்தீவில் 6 மீட்டரில் நான்கு முறை விட்டுப் பழகியவருக்கே இந்தக் கப்பல்.

யார் கட்டைவிரலை மேலே காட்டினாலும் டைவ் முடிந்தது. காரணம் படகில் பேசிக்கொள்ளலாம். விளக்கத்தின்போது இதைச் சொல்லாத வழிகாட்டியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலிருந்தே அவரோடு இறங்கலாமா என்று தெரிந்துவிடும்.

நாள் 6: மட்டக்களப்பு

ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல், 1924இல் கடற்படையில் சேர்ந்தது. அதே ஏப்ரல் 9 அன்று, தன் விமானங்கள் எதுவும் தளத்தில் இல்லாத நிலையில், துணைக்கு வந்த வேம்பயர் நாசகாரிக் கப்பலோடு சேர்ந்து மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். அடித்தளம் 53 மீட்டரில், மேல்பக்கம் 40ஐத் தாண்டித்தான் தொடங்குகிறது.

உலகெங்குமிருந்து இதைத் தேடி டைவர்கள் வருகிறார்கள். சாதாரணக் காற்றோடு, ஒற்றைச் சிலிண்டரோடு, 'தொட்டுவிட்டு வந்துவிடலாம்' என்று கேட்பவர்களும் வருகிறார்கள். நேற்று முன்தினம் போட்ட அதே கணக்கை 53 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். அழுத்தம் 6.3. அடியில் ஒரு நிமிடம், இருவருக்கு 378 லிட்டர். 5 மீட்டர் வரை ஏற ஆறு நிமிடம், சராசரி 3.9, ஆக 1,404. நிற்க 270. கடைசியில் 75. கூட்டினால் 2,127 லிட்டர், 192 பார். கையிருப்பே ஒரு முழுச் சிலிண்டர். இறங்குவதற்கும் பார்ப்பதற்கும் மிஞ்சுவது எட்டு பார். டிகோ நிறுத்தங்களை, அதாவது நைட்ரஜன் வெளியேற ஏறும் வழியில் கட்டாயம் நிற்க வேண்டிய நேரத்தை, இதில் இன்னும் சேர்க்கவே இல்லை.

காற்றின் அடர்த்தி இன்னொரு சுவர். சுவாச வாயு லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டவே கூடாது என்பது இன்று ஆழ டைவர்கள் பின்பற்றும் வரம்பு. சாதாரணக் காற்று 31 மீட்டரில் முதல் வரம்பையும் 39 மீட்டரில் இரண்டாவதையும் தொடுகிறது. 53இல் 8 கிராம். அவ்வளவு அடர்ந்த காற்றை உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவுமே உழைப்பு வேண்டும்; கொஞ்சம் வேகமாக நீந்தினாலும் கரியமில வாயு உடம்பில் தேங்கும், அது மயக்கத்தைக் கூட்டும், பயத்தைக் கூட்டும், மூச்சை இன்னும் வேகமாக்கும். ஆக்சிஜன் அழுத்தம் 1.32தான், பாதுகாப்பு வரம்பான 1.4க்குள் இருக்கிறது என்று வாதிடுபவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

18 பங்கு ஆக்சிஜன், 45 பங்கு ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் எடுத்தால் அதே 53 மீட்டரில் அடர்த்தி 5 கிராம், மயக்கம் 25 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். ஆகவே ஹெர்மிஸுக்கு உரியவர் டிரைமிக்ஸ் பயிற்சி முடித்தவர், இரட்டைச் சிலிண்டரோ, விட்ட மூச்சையே சுத்திகரித்துத் திரும்பத் தரும் மறுசுழற்சிக் கருவியோ பழகியவர், நீரோட்டத்தில் தொங்கியபடி நீண்ட டிகோ செய்யத் தெரிந்தவர். வந்திறங்குமுன்பே ஹீலியம் கிடைக்குமா, மேலே ஆக்சிஜனோடு படகில் யார் இருப்பார்கள், அழுத்தச் சிகிச்சை அறை எங்கே, இன்று அது இயங்குகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கியவர். நேற்று 25 மீட்டரில் இருந்தவருக்கு இங்கே எல்லாமே புதிது. படகில் போய் அந்த இடத்தின்மேல் ஒரு நிமிடம் அமைதியாக நின்றுவிட்டு வரலாம்.

மூழ்க வேண்டும் என்றால் கல்லடிக்கு வெளியே லேடி மக்கலம் கிடக்கிறது, 10 மீட்டர் அளவில். புறாத்தீவில் எடுத்த அளவுகள் இதற்குப் போதும். கப்பல் ஒன்றுதான் புதிது.

கடைசியாக வீதி. கிழக்கில் டைவ் முடித்தவர்கள் பலர் அப்படியே மலைக்குப் போகிறார்கள். விமானத்துக்கு 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், மலைக்கும் அதே உடம்புதான் ஏறுகிறது என்பது மறந்துபோகும். எல்ல என்ற மலையூர் சுமார் 1,000 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் அங்கும் 18 மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டும். டிகோ நிறுத்தம் செய்தவர் 24 மணிக்கு மேல். இன்று காலை பதினொன்றுக்குக் கல்லடியில் கரையேறினால், நாளை விடியற்காலை ஐந்துக்குப் பிறகு பதுளை பஸ்ஸில் ஏறலாம்.